ஒதுக்கி வைத்த இடம்

மெஷின் எது நின்றாலும், பிளக்கின் பக்கம் யார் கை போனாலும் மிஸ்ஸின் கை முந்திக்கொண்டு வரும். ரோட்டில் இறங்கப் பார்க்கும் பிள்ளையை மறிப்பது போல உள்ளங்கையை விரித்து நடுவில் வைப்பார். "பொறுங்க அண்ணே, பிடுங்காதீங்க. உள்ளுக்கு என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் பிடுங்கலாம்."

மாத்தளை டவுனில் உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மலைச்சரிவுகளில் மழை அளக்கும் பெட்டிகளை நட்டுப் பராமரிப்பதுதான் தொழில். அதற்கு முன் நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பதினேழு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். கம்பம் நடுவது, வயர் இழுப்பது, பேட்டரி சுமப்பது என் பங்கு. பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராம் எல்லாம் அவர் எழுதியது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இப்போது அவர் வெளிநாட்டில் ஏதோ பெரிய கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. நாலைந்து வருஷம் சேர்ந்து மலை ஏறியிருக்கிறோம், ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸில் இன்டர்நெட் நின்றால் எல்லாரும் அந்தச் சின்ன ரவுட்டர் பெட்டியை அணைத்துப் போடத்தான் பார்ப்போம். அவர் விடமாட்டார். எந்த லைட் எரிகிறது, எது எரியவில்லை என்று முதலில் குறித்துக்கொள்வார். எங்கள் முதலாளி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் கத்தியே விட்டார். "அணைச்சுப் போட்டா ஒரு நிமிஷத்துல வந்துரும் மிஸ்!"

"வந்துரும் சேர். எதனால நின்னிச்சுன்னு மட்டும் தெரியாது. நாளைக்கும் நிக்கும்."

அவரோடு வேலை செய்வது லேசில்லை. ரத்தோட்டைக்கு அப்பால் ஒரு வளைவில் என் பைக் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். பெரிய அடி இல்லை. நான் எழுந்து தூசி தட்டி பைக்கை நிமிர்த்திவிட்டேன். மிஸ் முழங்கையில் ரத்தத்தோடு வீதி ஓரக் கல்லில் உட்கார்ந்து, "விழுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" என்று கேட்கத் தொடங்கினார். பிரேக் பிடித்தீர்களா, எந்த பிரேக், கை எப்படி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. பதில் சொல்லிக்கொண்டே பிரேக்கை அழுத்திக் காட்டியபோதுதான் பார்த்தேன், கேபிள் ஒரே ஒரு இழையில் நின்றுகொண்டிருந்தது.

அவர் கேள்விகள் பிரேக் கேபிளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தம்பிக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்து, ஒரு கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்துச் சேர்ந்துவிட்டோம். அந்தச் சந்தோஷத்தில் ஆபீஸுக்கு லட்டு கொண்டுபோனேன். மிஸ் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "கடைசியா பேச்சு நின்ன அன்னிக்கு அவரு என்ன சொன்னாரு?" என்றார்.

"அதெல்லாம் மறந்தாச்சு மிஸ்."

"ரெண்டு பேருமா?"

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி லட்டுத் துணுக்கு மாதிரிப் பல்லிடுக்கில் நின்றது. அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது. பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் பயமும் இருந்தது.

வில்கமுவப் பக்கம் வயல்களுக்கு நடுவே எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் உறைந்துபோகும். ஒருநாள் அது உறைந்து நிற்கிறபோதே நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மிஸ் லேப்டாப்பை எடுப்பதற்குள் ஃபேக்டரிப் பழக்கத்தில் நான் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டேன். பெட்டி உயிர் பெற்றது. நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

திரும்பி வர பஸ் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான். வெயிலில் மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்தோம். பஸ் ஏறியபிறகுதான் சொன்னார்: "அது எதனால விழுதுன்னு உள்ளுக்குள்ள எழுதி வச்சிருந்திச்சு அண்ணே. நீங்க வயரைக் கழட்டினதும் எல்லாம் போயிருச்சு."

மறுநாள் காலையில் பிளேன்டீயும் ஒரு கடதாசியுமாக என் மேசைக்கு வந்தார். கோபம் ஆறியிருந்தது. ஒரு நீளமான கட்டம் வரைந்தார்.

"இதுதான் மெமரி. மெஷின் எழும்பினதும் கர்னல்னு ஒண்ணு முதல்ல எழும்பும். யாருக்கு எவ்வளவு இடம்னு பிரிச்சுக் குடுக்கிறது அதுதான். ரீஸ்டார்ட் ஆனா பழைய கர்னல் போயிரும், புதுசு வரும். புதுசுக்குப் பழசைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எல்லா இடமும் காலின்னு நினைச்சு மேலேயே எழுதிரும்."

"ரீஸ்டார்ட் ஆனா மெமரி தானா அழியிறது இல்லையா?"

"கரண்டு இருக்கிற வரைக்கும் இருக்கும். புதுசா வந்த கர்னல்தான் மேல எழுதி அழிக்குது. கரண்டே போனாத்தான் சுத்தமா போயிரும்." கட்டத்தின் ஒரு மூலையில் சின்னதாகக் கோடு போட்டுப் பிரித்தார். "அதனால புதுசு எழும்புறதுக்கு முன்னாடியே ஒரு வரி சொல்லிரணும். இந்த இடம் உன்னோடது இல்ல, தொடாதன்னு. பழைய கர்னல் அதுல எழுதிட்டுப் போகும். புதுசு வந்து வாசிக்கும்."

அந்த மூலைக்கு வேறு ஒரு பெரிய தேவையும் இருந்தது. ரிவர்ஸ்டன் போகிற வழியில், ஒரு தோட்டத்து டிவிஷனுக்கு மேலே எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. கீழே தோட்டத்துச் சனத்தின் வரிசை வீடுகளாக மூன்று லயங்கள், நாற்பது குடும்பம், ஒரு புள்ளக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. ஒரு நாளில் பெய்த மழை எங்கள் எல்லையைத் தாண்டினால் பெட்டி கீழே லயத்துக் கம்பத்தில் இருக்கும் ஹோர்னை அடிக்கும். மண் சரியுமுன் சனம் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஆனால் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் மழைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. நிமிஷத்துக்கு ஒருமுறை, போனில் போடுகிற மாதிரியான சின்னக் கார்டில் எழுதிவைத்தால் கார்டு தேய்ந்து செத்துவிடுகிறது. ஆகவே மழைமானிக்குள் தண்ணீர் நிறைந்து கவிழ்கிற சின்னக் கிண்ணத்தின் ஒவ்வொரு தட்டையும் கர்னலே நேரத்தோடு அந்த ஒதுக்கிய மூலையில் குறிக்கும்படி செய்தார்.

ஆபீஸில் வைத்துச் சோதித்தோம். நான் ஊசியில்லாத சிரிஞ்சால் மழைமானிக்குள் தண்ணீர் விடுவேன். ‘டக்’ என்று தட்டு விழும், பச்சை லைட் ஒன்று மினுங்கும். அவர் ரீஸ்டார்ட் செய்வார், கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்பது தடவை சரியாக வந்தது. பத்தாவது தடவை பூஜ்யம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதைக் கர்னலிடமே விட்டிருந்தார். புதிதாக எழும்பிய கர்னல் வேறு ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு அங்கே போய்த் தேடியிருக்கிறது. ஒன்பது சரி, ஒன்று பிழை என்றால் எனக்குப் போதும். அவர் இடத்தை நிரந்தரமாகக் குறித்துக் கொடுத்துவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார். என் பெருவிரல் வீங்கிப்போகும்வரை விடவில்லை.

அப்படியும் ஒரு இடத்தில் சறுக்கினார். ஆடி மாதம், பட்டப்பகல், நல்ல வெயில். ரிவர்ஸ்டன் வழிப் பெட்டியில் நான் பேட்டரியை மாற்றி வயரை மாட்டிய இரண்டாவது நிமிஷம் கீழே ஹோர்ன் அலறியது. கரண்டு போய் வந்த மெமரியில் குப்பைதான் இருக்கும். புரோகிராம் அந்தக் குப்பையை மழைக் கணக்கு என்று நம்பிவிட்டது. கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். புள்ளக்காம்பராப் பிள்ளைகள் இடுப்பிலும் தோளிலுமாக மேலே போனார்கள். ஒருவர் மாட்டையும் இழுத்துக்கொண்டு ஏறினார். பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகம் இல்லை.

மிஸ் அங்கே போய் எல்லார் முன்னாலும் நின்று, பிழை தன்னுடையது என்று சொன்னார். சிரித்தவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு. அந்த வாரமே ஒதுக்கிய இடத்தில் கணக்கை இரண்டு பிரதியாக எழுதவும், ஒவ்வொரு பிரதியும் கெடவில்லை என்று கூட்டிச் சரிபார்த்த பிறகே நம்பவும் புரோகிராமை மாற்றினார். பெட்டி திருந்தியது. சனத்தின் நம்பிக்கை திரும்பவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை ஏழு மணியோடு அந்தப் பெட்டியிலிருந்து செய்தி வருவது நின்றது. எட்டு மணிக்கு மிஸ்ஸும் நானும் ஒரு த்ரீவீலரில் புறப்பட்டோம். என் சாக்கில் புதுப் பேட்டரி ஒன்று. ரத்தோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வீதியில் மண் இறங்கிக் கிடந்தது. அங்கிருந்து நடை. பேட்டரி பதினோரு கிலோ. பனியும் மழையுமாக நாலடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லயத்தடிக்குப் போனபோது பதினொன்று தாண்டிவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் குடையோடு காத்து நின்றார்.

"தலைவரே, சனத்தை ஏத்திருங்க," என்றேன்.

"பெட்டி சொல்லிச்சா?"

"பெட்டி நின்னு போச்சு. ஆனா மழையப் பாருங்க."

"மழைய நானும் மூணு நாளா பாக்குறேன். அன்னிக்கு வெயில்ல ஓடினதுல இருந்து ஒருத்தரும் என் பேச்சக் கேக்குறதில்ல. நம்பர் சொல்லுங்க. நம்பர் இருந்தா நான் இழுத்துக்கிட்டாவது போறேன்."

எங்களோடு அவரும் மேலே ஏறினார்.

பெட்டியைத் திறந்ததும் மிஸ் முதலில் பார்த்தது பச்சை லைட்டை. தலைக்கு மேலே மழைமானியில் ‘டக்’ என்றது, லைட் மினுங்கியது. திரும்ப ‘டக்’. திரும்ப மினுக்கம். அத்தனை வேகமாக அது மினுங்கி நான் கண்டதில்லை.

"கர்னல் உயிரோட இருக்கு," என்றார். "எண்ணிக்கிட்டுத்தான் இருக்கு."

லேப்டாப்பை மாட்டினார். தட்டுகிற எழுத்து மட்டும் திரையில் வந்தது. அதற்கு மேல் பதில் இல்லை. கார்டு பாதியில் மாட்டி நின்றிருந்தது, ரீஸ்டார்ட் செய்தால்தான் விடும். ஆபீஸுக்குச் செய்தி அனுப்புகிற புரோகிராம், ஹோர்ன் அடிக்கிற புரோகிராம் எல்லாம் கார்டில் எழுதப் போய் அந்தப் பதிலுக்காக அப்படியே நின்றுவிட்டன. கணக்கு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கிறது, வாசிக்க வழியில்லை.

"ஒரு நிமிஷம் பேச்சு மூச்சு இல்லன்னா தானா ரீஸ்டார்ட் ஆகணுமே மிஸ்? அதுக்கு ஒரு சர்க்கிட் இருக்கே?"

கீபோர்டில் சொட்டிய குடைத் தண்ணீரை மிஸ் கையால் துடைத்தார்.

"நான்தான் எல்லாப் பெட்டியிலயும் அதை நிப்பாட்டி வச்சேன். ஆறு நாளைக்கு முன்னாடி. ஒவ்வொரு தடவையும் அது தானா எழும்பிருது. எதுல மாட்டுதுன்னு பாக்க முடியல. மாட்டின நிலையிலயே பிடிக்கணும்னு நிப்பாட்டினேன்."

சேரிடமிருந்து போன் வந்தது. அந்த மேட்டில் ஒரே ஒரு மூலையில்தான் சிக்னல். ஸ்பீக்கரில் போட்டேன். "இன்னும் என்ன செய்றீங்க? பேட்டரியக் கழட்டி மாட்டுங்க! அது எழும்பிரும், வேலை முடிஞ்சிரும்!"

"எழும்பும் சேர். பூஜ்யத்துல எழும்பும்," என்றார் மிஸ். "மூணு நாள் மழை உள்ளுக்குள்ள இருக்கு."

"அப்ப கழட்டாம ரீஸ்டார்ட் பண்ணுங்க!"

அதைத்தான் செய்யப் போனார். கர்னலுக்கு நேராகப் போகிற கட்டளை ஒன்று உண்டு, கீபோர்டில் இரண்டு தட்டுத் தட்டினால் ரீஸ்டார்ட். தட்டுவதற்கு முன் பேட்டரியை அளக்கச் சொன்னார். மூன்று நாளாக வெயில் இல்லை, பெட்டியின் சோலார் தகடு பேட்டரியை நிரப்பவில்லை. மீட்டரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. கரண்டு தானாக வெட்டுப்படுகிற அளவுக்கு ஒரு மயிரிழை மேலே. ரீஸ்டார்ட் ஆகும்போது பெட்டி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அந்த இழுவையில் வெட்டுப்பட்டால் எல்லாம் போச்சு.

"பழசைக் கழட்டாதீங்க. அது இருக்கட்டும், புதுசைப் பக்கத்துல சேருங்க," என்றார்.

சாக்கைப் பிரித்தேன். விரல்கள் விறைத்துச் சுருங்கிப்போயிருந்தன. தலைவர் குடையை எங்கள் மூன்று பேர் தலைக்கும் மேலாகப் பிடித்தார்; அவர் முதுகு நனைந்துகொண்டிருந்தது. நெகட்டிவ் வயரைக் கட்டினேன். பாசிட்டிவ் வயரின் நுனியைப் பல்லால் சீவினேன். அது நழுவித் தகரத்தில் பட்டால் பெட்டி அந்த இடத்திலேயே அணையும். பதினேழு வருஷம் நான் செய்யாத வயர் வேலை இல்லை. ஆனால் அந்த ஒரு முனையைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டேன். நீலமாக ஒரு பொறி. பிறகு மீட்டர் முள் மெதுவாக ஏறியது. பச்சை லைட் மினுங்கியது.

மிஸ் இரண்டு தட்டுத் தட்டினார்.

திரை கறுத்தது. பச்சை லைட்டும் போனது. மழைமானியில் ‘டக்’ என்றது, லைட் வரவில்லை. திரும்ப ‘டக்’. நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கொட்டத் தொடங்கின, ஒன்றும் வாசிக்க முடியாத வேகத்தில். கடைசியில் நின்றன. மிஸ் விரலை வைத்து வாசித்தார்.

"ஒதுக்கிய இடம் இருக்கு." மூச்சு விட்டார். "முதல் பிரதி, பிழை."

தலைவர், "பிழைன்னா?" என்றார்.

அடுத்த வரி வரச் சில விநாடிகள்தான் எடுத்திருக்கும்.

"இரண்டாவது பிரதி சரி. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்."

எங்கள் எல்லை நூற்றைம்பது. அவர் சொல்லி முடிப்பதற்குள் கீழே பனிக்குள் ஹோர்ன் அடித்தது. தலைவர் குடையைப் போட்டுவிட்டு, "இருநூத்திப் பன்னெண்டு! இருநூத்திப் பன்னெண்டு!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினார். அப்போது நேரம் பன்னிரண்டு பத்து.

நானும் ஓடினேன். புள்ளக்காம்பராவிலிருந்து இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மழைக்குப் பிளாஸ்டிக் படங்கைத் தலையில் போட்ட பெண்கள், கட்டிலோடு தூக்கிய ஒரு நோயாளி, பள்ளிக்கூடப் பைகள். பள்ளிக்கூடத்தில் ஆட்களை எண்ணி முடிக்கிற நேரத்தில் ராமாயி அக்கா என்கிறவர் படியில் நின்று, "இவரு எங்க?" என்று கேட்டார். அவர் புருஷன் அவரை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மலை இறங்கியது. நூறு லொறி ஒரே நேரத்தில் சல்லி கொட்டுவது போல் ஒரு சத்தம். பனி விலகியபோது கடைசி லயத்தில் பாதிக் காம்பராக்கள் இல்லை. மாட்டுப்பட்டி இல்லை.

ஆம்பிளைகள் எல்லாம் மண்வெட்டியோடு இறங்கினோம். மிஸ்ஸைத் தேடினேன். அவர் ஹோர்ன் அடித்த பிறகு பெட்டியோடேயே இருந்து, உள்ளே இருந்ததை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சரிவு போன பின்தான் வந்திருந்தார். பள்ளிக்கூட விறாந்தையில் மழைக்கோட்டுக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒதுக்கிய இடத்தில் இருந்ததை வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு மண்ணுக்குள்ள இருக்கான், நீங்க இதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க!" என்று கத்திவிட்டேன். நான் அவரிடம் கத்தியது அந்த ஒருமுறைதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துவிட்டு வந்து எங்களோடு கையால் மண் அள்ளினார். இருட்டும் முன் ஆளை எடுத்தோம். உயிரில்லை. பெட்டி நின்ற மேடும் அன்று மாலையே சரிந்து போய்விட்டது.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். அதிகாரிகள், தோட்டத்துத் துரை, சனம் எல்லாரும் வந்திருந்தார்கள். உள்ளே போகுமுன் சேர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "நாற்பது குடும்பம் தப்பிச்சிருக்கு. அதைச் சொல்லுவோம். மத்தது கேட்டாச் சொல்லலாம். அது உங்க லேப்டாப்புல மட்டும்தானே இருக்கு?"

மிஸ் தலையாட்டினார். சம்மதம் என்று நான் நினைத்தேன்.

சேர் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். மிஸ் எழுந்து முன்னால் போனார். கையில் ஒரு கடதாசி. ஒவ்வொரு தட்டும் விழுந்த நேரம் பெட்டிக்குள் இருந்ததாகச் சொல்லி வாசித்தார். "எங்க எல்லையத் தாண்டினது காலையில ஒன்பது இருபதுக்கு. அப்பவே ஹோர்ன் அடிச்சிருக்கணும். அடிச்சது பன்னெண்டு பத்துக்கு. பெட்டி மாட்டி நின்னா தானா எழும்புறதுக்கு ஒரு வழி இருந்திச்சு. அதை ஆறு நாளைக்கு முன்னாடி நான் நிப்பாட்டியிருந்தேன். யாரும் சொல்லி இல்ல. நானா."

சேர் கதிரையில் அசைந்தார். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

ராமாயி அக்கா முன்வரிசையில் இருந்தார். எழுந்திருக்கவில்லை, தலைவரைப் பார்த்துத்தான் கேட்டார். "ஒன்பது இருபதுக்கு அடிச்சிருந்தா இவரு மாட்டையும் கூட்டிக்கிட்டு வந்திருப்பாரா? அன்னிக்கு வெயில்ல அடிச்சப்ப கூட்டிக்கிட்டுத்தானே வந்தாரு."

தலைவர் மிஸ்ஸைப் பார்த்தார்.

"வந்திருப்பாரு அக்கா," என்றார் மிஸ்.

ராமாயி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனார். அன்றிரவு நான் வீட்டில் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் மேல் கோபப்பட முடியுமா என்று தெரியவில்லை. எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

சேர் மிஸ்ஸை வேலையை விட்டு நிறுத்தவில்லை; அவருக்குப் பதில் ஆள் கிடையாது. மிஸ் முதல் வேலையாக எல்லாப் பெட்டிகளிலும், தானாக எழுப்புகிற அந்தச் சர்க்கிட்டைத் திரும்பப் போட்டார். ரிவர்ஸ்டன் வழியில் மிஞ்சிய சரிவில் புதுப் பெட்டி ஒன்று நட்டோம். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு சிவப்பு சுவிட்சும் வைக்கச் சொன்னார். அதிலிருந்து வயர் நேராக ஹோர்ன் பேட்டரிக்குப் போனது. நடுவில் புரோகிராம் எதுவும் இல்லை. யார் பொறுப்பில் விடுவது என்று கேட்டபோது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்த ராமாயி அக்காவைத் தலைவர் காட்டினார். அந்த அக்கா சுவிட்ச் பூட்டின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மாதத்துக்கு இரண்டு தடவையாவது நாங்கள் ஏறுவோம். மிஸ் ஒவ்வொரு தடவையும் அந்தக் கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். ராமாயி அக்கா எனக்குத் தேத்தண்ணி தருவார். மிஸ்ஸுக்கும் ஒரு கோப்பை வைப்பார். முகம் பார்க்கமாட்டார், பேசமாட்டார். மிஸ் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வருவார்.

அடுத்த மழைக்காலத்தின் தொடக்கம். நாங்கள் அந்தப் பக்கத்து வேறொரு டிவிஷனில் இருந்தபோது ஹோர்ன் கேட்டது. தூறல்தான். போய்ச் சேர்ந்தபோது சனம் பள்ளிக்கூட வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அரை நாள் பேர் போச்சு, கூலி போச்சு என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ராமாயி அக்கா சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றார். மிஸ் லேப்டாப்பைத் திறந்தார். பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு மில்லிமீட்டர். சேர் போனில், "யாரைக் கேட்டு அடிச்சாங்க? அந்த சுவிட்சைக் கழட்டிருங்க!" என்றார். மிஸ் போனை என்னிடம் நீட்டினார்.

"ஊத்துத் தண்ணி கலங்கிப் போச்சு," என்றார் ராமாயி அக்கா. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "காலையில இருந்து செம்மண்ணா வருது. மேல எங்கயோ மண்ணு அசையுது. பெட்டிக்கு அது தெரியாதுல்ல."

"தெரியாது அக்கா." மிஸ் லேப்டாப்பை மூடி அதையும் என் கையில் கொடுத்தார். "எந்தப் பக்கம்?"

ராமாயி அக்கா படங்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். மிஸ் பின்னால் போனார். இரண்டு பேரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடிக்கொண்டு போவதைக் கீழிருந்து பார்த்தோம். ஒரு இடத்தில் ராமாயி அக்கா நின்று தரையில் ஒரு வெடிப்பைக் காட்டினார். மிஸ் முட்டி போட்டுக் கையை அதற்குள் விட்டார். முழங்கை வரை உள்ளே போனது.

அவர் எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பினார். எதையும் ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்கிறவர், இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"நிப்பாட்டாம அடிங்க அண்ணே! அடிச்சுக்கிட்டே இருங்க!"